வெந்நீரூற்றிலிருந்து ஓட்டமாவடி வரை

கதிரவெளியிலிருந்து வெருகல் ஆற்றைக் கடந்து, மூதூர் வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் எம்மூர் மக்களுட் பலர் அங்கிருந்து கன்னியாவுக்கும் போய்வருவதுண்டு. அடுத்தடுத்து அமைந்த ஏழு கிணறுகள், ஏழிலும் வெந்நீர். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் கழிக்கும்பொருட்டு நிலத்தைக் குத்தியபோது பிறந்த ஊற்றுகள் இவை என்பது ஐதிகம். இறந்தோர்க்குக் கடன் செய்வோர் அங்கே நீராடுகின்றனர். நாமும் அந்நீரை வாளியில் அள்ளித் தலையில் ஊற்றியிருக்கிறோம்; சூடு எங்கிருந்து வருகின்றது என்பதைப் பூகோள ஆசிரியர் விளக்கக் கேட்டுமிருக்கிறோம். ஆயின் அந்த வெந்நீரினுள் எவ்வுயிர் வாழ்கின்றது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கேள்வியை வேறொரு நாட்டில், இதனினும் மிகுதியாகக் கொதிக்கும் ஊற்றொன்றின் கரையில் நின்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதன் பயன் 54 ஆண்டுகள் கழித்து எமது கரைக்கும் வந்து சேர்ந்தது. அஃது எவ்வாறு பிறந்தது, வழியில் யார் கையில் அகப்பட்டது, வந்த இடத்தில் அதனைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்பதே ஈண்டு நாம் கூறப் புகும் வரலாறு.

ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்கா வெந்நீரூற்றுகளுக்குப் பெயர்பெற்றது. இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் புரொக் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் 1960களில் அங்கு சென்று ஆராயத் தொடங்கினார். வெப்பத்தை விரும்பும் பற்றீரியாக்களை வளர்க்க முயன்ற முன்னையோர் 55 பாகை செல்சியஸ் அளவிலேயே அவற்றை வளர்த்து வந்தனர். ஆதலின் 55 பாகையை விரும்புவன மட்டுமே அவர்கட்குக் கிடைத்தன. வலையின் கண்ணளவு மீனின் அளவைத் தீர்மானிக்கும் என்பதை எமது கரைவலைத் தொழிலாளர் அறிவர். ஆய்வுகூடத்தாருக்கு அது புலப்படச் சற்றுக் காலம் சென்றது. புரொக் 70 பாகைக்கு மேல் வளர்த்துப் பார்த்தார். 1966இல் ஓர் ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியை அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸ் வளர்த்தெடுத்தார். பட்டம் பெறாத மாணவர் அவர் என்பதை எம் வகுப்பறைகளில் அழுத்திச் சொல்லுதல் தகும். 1969இல் இருவரும் சேர்ந்து அவ்வுயிருக்குத் 'தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ்' எனப் பெயரிட்டுக் கட்டுரை வெளியிட்டனர்.

அக்கட்டுரையில் எமக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அதே இனத்துப் பற்றீரியா ஊற்றுகளில் மட்டுமன்றி, ஊற்றுகளே இல்லாத ஊர்களின் வெந்நீர்க் குழாய்களிலும் இருப்பதை அவர்கள் கண்டனர். அவர்களது பல்கலைக்கழகம் இருந்த ஊரின் குழாய்நீரிலும் அஃது இருந்தது. பல மைல் தூரம் தேடிச் சென்ற உயிர் வீட்டுக் குழாயிலேயே குடியிருந்தது!

இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன இலாபம் என்று அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடையும் கிடைத்திராது. பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கிய தேசிய விஞ்ஞான மன்றம் அதற்கு உதவியது. புரொக் தாம் வளர்த்த பற்றீரியாவைப் பொது வைப்பகமொன்றில் சேர்ப்பித்தார். வேண்டியோர் சிறு கட்டணம் செலுத்தி அதனைப் பெற்றுக்கொள்ளலாம். விஞ்ஞானம் பொதுச்சொத்தென்று அவர் மேடையேறிப் பேசவில்லை. அவ்வாறு நடந்துகொண்டார், அவ்வளவே.

இனி நொதியம் என்பது யாதெனச் சுருக்கமாக நோக்குவாம். உயிர்க்கலம் ஒவ்வொன்றினுள்ளும் இரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதியங்கள். டி.என்.ஏ. என்னும் பரம்பரைச் சுவடியைப் படியெடுக்கும் நொதியத்துக்கு டி.என்.ஏ. பொலிமரேஸ் என்று பெயர். ஆர்தர் கோர்ன்பேர்க் அதனை 1956இல் 'ஈ. கோலை' என்னும் குடற்பற்றீரியாவில் கண்டு 1959இல் நோபெல் பரிசு பெற்றார். புரதமாதலின் நொதியத்தைச் சூடாக்கினால் அது முட்டை வெண்கரு போல வெந்து பயனற்றுப் போகும். ஆனால் 70 பாகை நீரில் வாழும் பற்றீரியாவின் நொதியம் அங்ஙனம் வெந்துபோனால் அப்பற்றீரியா எங்ஙனம் வாழ்வது? 1976இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் அலிஸ் சியென் என்ற மாணவி, எட்கர், டிரெலா என்போருடன் சேர்ந்து, தெர்மஸ் அக்குவாட்டிக்கஸிலிருந்து பொலிமரேசைப் பிரித்தெடுத்தார். 80 பாகையிலும் அது சோராது உழைத்தது. 1980இல் சோவியத் நாட்டில் கலெடினும் அவரது குழுவினரும் அதே பற்றீரியாவிலிருந்து பொலிமரேசைத் தூய்மைப்படுத்தி வெளியிட்டனர். இவ்விரு கட்டுரைகளையும் வாசகர் மனத்திற் கொள்க. நீதிமன்றத்தில் இவை மீண்டும் வரும்.

1983இல் கலிபோர்னியாவில் சீட்டஸ் என்னும் கம்பனியில் வேலை செய்த கேரி மல்லிஸ், டி.என்.ஏ.யின் குறித்த துண்டொன்றை மட்டும் பெருக்கும் வழியொன்றை எண்ணினார். இரட்டை இழையைச் சூட்டினாற் பிரித்தல். சற்றே ஆற்றி, தேடும் துண்டின் இரு முனைகளிலும் சிறு இழைத்துண்டுகளை ஒட்டவைத்தல். அங்கிருந்து பொலிமரேஸ் படியெடுத்தல். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 10 சுற்றில் 1,024. 30 சுற்றில் 107 கோடிக்கு மேல். சதுரங்கப் பலகையில் நெல்மணி கேட்டவன் கதையே இது. ஆனால் இழையைப் பிரிக்க 95 பாகை வரை சூடேற்ற வேண்டும். குடற்பற்றீரியாவின் நொதியம் ஒவ்வொரு தடவையும் வெந்து போயிற்று. சுற்றுக்குச் சுற்று மூடியைத் திறந்து புது நொதியம் ஊற்றிக்கொண்டு ஒருவர் காவலிருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் யெலோஸ்டோன் பற்றீரியாவின் நொதியம் நினைவுக்கு வந்தது. 1988இல் அதனைப் பயன்படுத்தி வெளியான ஆய்வோடு, மூடியை ஒருமுறை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்ற நிலை உண்டாயிற்று. பி.சி.ஆர். என்று இன்று எமது பாட்டிமாரும் உச்சரிக்கும் சோதனை முறை இவ்வாறே இயந்திரத்துக்கு உரியதாயிற்று. அந்நொதியத்தை இனி 'டக்' எனக் குறிப்பிடுவோம். உலகம் அவ்வாறே அதனை அழைக்கின்றது.

மல்லிஸுக்குக் கம்பனி கொடுத்த சன்மானம் 10,000 டொலர். 1991இல் சுவிற்சர்லாந்தின் ஹொஃப்மன்-லா றோச் பி.சி.ஆர். உரிமைகளை வாங்கிய விலை 30 கோடி டொலர். 1993இல் மல்லிஸ் நோபெல் பரிசிலும் பங்கு பெற்றார். ஊற்றைக் காத்துவரும் யெலோஸ்டோன் பூங்காவுக்கு ஒரு சதமும் சேரவில்லை. நொதியத்தை முதலிற் பிரித்தெடுத்த மாணவியின் பெயரைப் பாடநூல்களிலும் அருகியே காண்கிறோம்.

டக் நொதியத்தைத் தாமே தூய்மைப்படுத்தியதாகக் கூறிச் சீட்டஸ் கோரிய காப்புரிமை 1989 டிசம்பரில் அளிக்கப்பட்டது. ஓர் ஊற்றில் தானே பிறந்து, பொதுப்பணத்திற் கண்டெடுக்கப்பட்டு, பொது வைப்பகத்திலிருந்து வாங்கப்பட்ட பற்றீரியாவின் நொதியம் தனியார் சொத்தாயிற்று. றோச் 1992இல் புரோமேகா என்னும் மற்றொரு கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் உரிமை மீறியோர் என்று பல்கலைக்கழக ஆய்வாளர் பலரின் பெயர்களும் பட்டியலிடப்பட்டன. இங்கு வேடிக்கையும் வேதனையும் ஒருங்கே உள்ளன: எந்த ஆய்வுகூடங்களிலிருந்து அறிவு புறப்பட்டதோ அவற்றையொத்த ஆய்வுகூடங்களே திருட்டுப் பட்டியலில் இடம்பெற்றன. புரோமேகாவும் இலாபத்துக்கே தொழில் நடத்திய கம்பனி. அதனைத் தியாகியாக நாம் காட்ட முனையவில்லை. எனினும் அதன் வாதத்தால் உண்மை வெளிப்பட்டது. 1976ஆம் ஆண்டுக் கட்டுரையும் சோவியத் கட்டுரையும் நீதிமன்றத்தில் எடுத்து விரிக்கப்பட்டன. முன்னையோர் கண்ட நொதியத்தினின்று தமது நொதியம் வேறானது எனக் காட்டுவதற்காகக் காப்புரிமைக் காரியாலயத்துக்குத் தவறான தகவல்கள் வேண்டுமென்றே அளிக்கப்பட்டன என 1999இல் நீதிபதி வோன் வோக்கர் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டில் 2003இல் அத்தீர்ப்பின் ஒரு பகுதி நிலைத்தது. மீளாய்வுக்குத் திரும்பிய வழக்கில் 2004இல் அக்காப்புரிமை செல்லாதென்றே மறுபடியும் முடிவாயிற்று. பி.சி.ஆர். முறைக்கான அடிப்படைக் காப்புரிமைகளின் காலமும் அமெரிக்காவில் 2005இல் தீர்ந்தது.

அதன்பின் டக் யாருக்கும் உரியது, யாரும் ஆக்கலாம். அதன் பரம்பரையலகைக் குடற்பற்றீரியாவிற் புகுத்தி வளர்த்து, கலங்களை உடைத்துச் சூடாக்கினால், மற்றப் புரதங்கள் வெந்து படிய டக் மட்டும் கரைசலில் நிற்கும். அதன் உறுதியே அதனைப் பிரிக்கும் வழியுமாகின்றது. நடுத்தர வசதியுள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இது கைகூடும் வேலை. இந்தியாவில் பெங்களூர் ஜெனி என்னும் நிறுவனம் இதனை உள்நாட்டில் ஆக்கி விற்றது. நம் நாட்டில் 2020இல் சோதனைப் பொதிகள் பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும் வந்தன. தடுத்தது இரகசியமன்று, ஆய்வுகூடத்துக்குப் பணம் ஒதுக்கும் மனமே குறைவு.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை கூறல் வேண்டும்; பின்னர் வருவதை விளங்க அஃது உதவும். பற்றீரியா நொதியங்கள் தொழிற்படுவது பி.சி.ஆர். ஒன்றில் மட்டுமன்று. நீரிழிவு நோயாளர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்து அளக்கும் பட்டிகளிலும் நொதியங்களே உள்ளன. அப்பட்டிகளுட் சில வகைகளில் 'அசினெட்டோபக்டர்' என்னும் பற்றீரியாவின் நொதியம் பயன்பட்டது. விரைவானது, மலிவானது, ஒரு குறை மட்டும் இருந்தது. குளுக்கோசையும் மோல்ட்டோசையும் அதனால் வேறுபடுத்த இயலவில்லை. சிறுநீரக நோயாளர் சிலர் வயிற்றறைவழிச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தும் திரவமொன்று உடலிற் சிதைந்து மோல்ட்டோசைத் தரும். பட்டி அதனையும் சேர்த்துக் கூட்டிக் காட்டியது. இலக்கத்தை நம்பி இன்சுலின் ஏற்றினர். உண்மையில் அந்நோயாளரின் குளுக்கோஸ் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. 1997 முதல் 2009 வரை இவ்வாறு 13 மரணங்கள் அறிவிக்கப்பட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. நொதியம் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. வாசித்தோர் எண்ணிக்கொண்ட கேள்வி மற்றொன்று.

2020க்கு வருவோம். சீன விஞ்ஞானிகள் புதிய வைரசின் பரம்பரை எழுத்துகளை சனவரி இரண்டாம் வாரத்திலேயே உலகறிய வெளியிட்டனர். சில நாட்களில் பேர்லின் சாரிட்டே வைத்தியசாலைக் குழுவினரின் சோதனை முறையை உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. காப்புரிமைக்குக் காத்திருந்தால் எத்தனை மாதங்கள் சென்றிருக்குமோ! இலங்கையின் முதல் நோயாளர், சீனாவிலிருந்து வந்த ஒரு பயணி, சனவரி 27இல் உறுதிசெய்யப்பட்டார்.

சோதனை நடைபெறும் விதம் இது. மூக்கினுள்ளிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த சளியில் வைரசின் ஆர்.என்.ஏ. இருக்குமாயின், அதனை முதலில் வேறொரு நொதியம் டி.என்.ஏ.யாக மாற்றுகின்றது. பின்னர் டக் படியெடுக்கத் தொடங்குகின்றது. அதன் வழியில் ஒளிரும் சாயமேற்றிய சிறு துண்டொன்று ஒட்டியிருக்கும்; ஒளி வெளிப்படாதவாறு அதன் அருகே ஒளியடக்கியும் இருக்கும். டக் தன் வழியிலுள்ள அத்துண்டைக் கடித்துத் துப்பிக்கொண்டே முன்னேறுகின்றது. 1991இல் விளக்கப்பட்ட உபாயம் இது. கடிபட்ட துண்டின் சாயம் விடுபட்டு ஒளிர்கின்றது. எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிகின்றதோ அதிலிருந்து தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது எனக் கணிக்கலாம். 18ஆம் சுற்றில் ஒளிர்ந்தால் ஏராளம். 37ஆம் சுற்றில் ஒளிர்ந்தால் சில துணுக்குகள். பத்திரிகைகளில் இரண்டும் 'தொற்று உறுதி' என்ற ஒரே சொல்லாகவே வந்தன.

மார்ச் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பியோரைத் தங்கவைக்க அரசு தெரிந்தெடுத்த இடங்களுள் ஒன்று, புனானையில் எழுந்திருந்த மட்டக்களப்புப் பல்கலை வளாகக் கட்டடம். கதிரவெளியிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போவோர் வாகரை, பனிச்சங்கேணி கடந்து பொலனறுவை வீதியில் ஏறும்போது, மேற்குப் பக்கம் புனானைக்கு, கிழக்குப் பக்கம் ஓட்டமாவடிக்கு. அந்த வீதியால் பஸ் வண்டிகள் வரிசையாகச் சென்ற செய்தியை எமது ஊர் வானொலியிலும் தொலைபேசியிலும் அறிந்து அஞ்சியது. நோய்க்கு அஞ்சியது நியாயமே. நோயாளரை அஞ்சியதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆரம்பத்தில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தையே பெரிதும் நம்பியிருந்த சோதனை வசதி, பின்னர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களுக்கும் வந்தது. எங்கள் ஆட்களும் வரிசையில் நின்று தலையை அண்ணாந்து கொடுத்தனர்.

வகுப்புகள் மீண்டும் தொடங்கிய நாட்களில் மாணவன் ஒருவன் கேட்டான்: "செத்த ஆக்களுக்கும் பி.சி.ஆர். எடுப்பாங்களா சேர்?"

எடுத்தனர். வைத்தியசாலைகளில் இறந்தோர் பலரின் உடல்கள் முடிவு வரும்வரை வைக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல், கொவிட் நோயால் இறந்தோரைத் தகனம் செய்தல் கட்டாயம் என்றது. அடக்கம் செய்தல் மார்க்கக் கடமையாகிய முஸ்லிம் மக்களுக்கு, சோதனைக் குழாயின் ஒளி ஒன்று, தம் தாயை மண்ணுக்குக் கொடுப்பதா நெருப்புக்குக் கொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயிற்று. நிலத்தடி நீரில் வைரசு கலந்துவிடும் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

டக் நொதியம் சொல்வது என்ன? 'இந்த எழுத்து வரிசை இம்மாதிரியில் இருந்தது' என்பது மட்டுமே. அவ்வெழுத்துகள் முழு வைரசிலிருந்து வந்தனவா, சிதைந்த துணுக்கிலிருந்து வந்தனவா என்பது அதற்குத் தெரியாது. நோய் நீங்கிப் பல வாரங்கள் கழிந்த பின்னும் சிலரின் மூக்கில் அத்துணுக்குகள் அகப்பட்டன. பிறருக்குத் தொற்றவல்ல வைரசு உண்டா என அறிய, அதனை உயிர்க்கலங்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும். உயிர்க்கலத்துக்கு வெளியே வைரசு பெருகாது. புதைத்த உடலிலிருந்து அது மண்ணூடே ஊர்ந்து கிணற்றை அடையும் என்பதற்குச் சான்று எதனையும் இச்சோதனை தரவில்லை, தரவும் இயலாது. அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24இலேயே வழிகாட்டியிருந்தது. இன்சுலின் கதையில் நிகழ்ந்தது அறியாமை. இங்கே அறிந்தோர் எழுதிக் கொடுத்த பின்னும் ஆணை மாறவில்லை.

மனுக்களை 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அம்மாதமே பிறந்து 20 நாட்களேயான குழந்தை ஒன்று கொழும்பில் எரிக்கப்பட்டது. மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், பல இனத்தவரும் கட்டினர். இலங்கை வைத்தியச் சங்கம் 2021 சனவரியில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என அறிவித்தது. பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற நடைபயணத்தில், காணி பறிப்புக்கும் காணாமற்போனோருக்கும் எழுந்த குரலோடு அடக்க உரிமைக்கான குரலும் ஒலித்தது. போரின் நாட்களில் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் நடந்தனர். எமது பகுதியில் அது சிறிய செய்தியன்று.

பெப்ரவரி இறுதியில் புதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. எங்கே அடக்குவது? முதலில் வடக்கின் இரணைதீவு என்றனர். போரில் இழந்த தீவுக்கு அப்போதுதான் மீண்டிருந்த மீனவ மக்கள் மறுத்தனர். இறுதியில் ஓட்டமாவடியைச் சார்ந்த மஜ்மா நகர் இடங்கொடுத்தது. 2021 மார்ச் 5இல் முதல் ஜனாசாக்கள் அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டன. அதற்கு அடுத்த மாதம், ஊற்றின் கரையில் முதலிற் கேள்வி கேட்ட தோமஸ் புரொக் தமது முதுமையில் அமெரிக்காவிற் காலமானார்.

ஓராண்டுக் காலம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் உடல்கள் இராணுவக் காவலுடன் அங்கு கொண்டுவரப்பட்டன. கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் வந்த உறவினர் அறியாத மண்ணில் சில நிமிடங்கள் நின்று திரும்பினர். சொந்த ஊரில் அடக்கலாம் என்ற அனுமதி 2022 மார்ச்சில் கிடைத்தபோது அங்கே துயில்வோர் தொகை 3,600ஐத் தாண்டியிருந்தது. அவர்களுட் பெரும்பாலார் முஸ்லிம்கள். பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் சில நூறு பேர் உளர். கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை 2024 சூலையில் இணங்கியது.

கதிரவெளிப் பஸ் ஓட்டமாவடியில் நிற்கும்போது, வெளியூர் முகங்கள் சில இறங்கி, மஜ்மா நகருக்கு வழி கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். கடைக்காரர் விசாரிப்பதில்லை. கையை நீட்டி வழி காட்டுகிறார்.